காப்பிக் கொட்டகையில் ஓர் அகதி நாடகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகலூர்ப் பக்கம் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். முதலாளி வீட்டு அழைப்பின் பேரில் பட்டணத்திலிருந்து ஒரு நாடகக் குழு வந்தது. மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பார்க்க வருகிறவர்களே அகதிகளாகி உள்ளே நடந்து போக வேண்டும் என்றார்கள். காப்பிக்கொட்டை வைக்கும் கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி அறை அறையாகப் பிரித்து இருட்டாக்கினார்கள்.

நான் குடியிருந்த வீட்டின் பின் அறையில், மன்னாரிலிருந்து படகேறி வந்த ஒரு பெண் இருந்தாள். எங்கள் எஸ்டேட்டில்தான் காப்பிப் பழம் பறித்தாள். எந்த முகாமிலும் பதியாதவள். கைக்குழந்தையைக் கடலில் பறிகொடுத்ததை என்னிடம் ஒருமுறை சொன்னாள். நான் மறுபடி கேட்டதில்லை. பதியாதவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆட்களை மேய்க்கும் ரைட்டர் அவளைப் பற்றி இயக்குநரிடம் உளறிவிட்டார். கடைசி அறையில் உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் அவளைக் கேட்டார். முதலாளி வீட்டு விருந்தாளி கேட்டால் மறுக்கவா முடியும்?

“இருக்கிறன். கதை ஒண்டும் சொல்ல மாட்டன்” என்றாள்.

நாடகத்தன்று நானும் உள்ளே போனேன். லாரிப் பலகைதான் படகு. உப்புத் தண்ணீரை வாரி எங்கள் மேல் அடித்தார்கள். பட்டுப்புடவை நனைந்துவிட்டதென்று ஒருத்தி கெக்கலித்தாள். காக்கி உடுப்பில் வந்த நடிகன் பதிவுத் தாள் எங்கே என்று அதட்ட, பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவர் இளித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

கடைசி அறையில் அவள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா மண்டியிட்டு அவள் கன்னத்தைப் பிடித்தார்.

“எத்தன பேரு செத்தாங்க கண்ணு? சொல்லு.”

அவள் நிமிரவில்லை. இவளுக்கு நடிக்கவே வரவில்லை என்று பின்னால் யாரோ குறைப்பட்டுக்கொண்டார்கள். முதலாளியம்மா மட்டும் தேம்பித் தேம்பி அழுதார்.

வெளியே போண்டாவும் காப்பியும் கொடுத்தார்கள். முதலாளியம்மா கண்ணீரையும் போண்டா எண்ணெயையும் ஒரே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தபோது, கஞ்சி கிண்டியவள் நடிகை அல்ல, முகாமில் பதியாத நிஜ அகதி, நம் எஸ்டேட் ஆள்தான் என்று ரைட்டர் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு முதலாளியிடம் வந்தார்.

“ஏனுங்க, தாள் இல்லாத ஆளயா வெச்சிருக்கறீங்க? போலீஸ் வந்தா நம்ம ஊட்டு மானம் என்னாகறதுங்க?”

மறுநாள் காலை அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இதையும் நாடகத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. என் வேலையும் அங்கேதானே இருந்தது.

அன்றே அவளை ஷேர் ஜீப்பில் மஞ்சக்குட்டை என்ற மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே சாமை விதைக்கும் ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். அந்த வீட்டுக்காரி அவளிடம் களை எடுக்க வருமா என்று மட்டும் கேட்டாள். அவள் தலையாட்டினாள்.

முதலாளியம்மா அதற்குப் பிறகும் கல்யாண வீடுகளில் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசுவார். தான் நொம்ப அழுததாகச் சொல்வார். மஞ்சக்குட்டைக்குப் போனவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் அங்கேயே தங்கி, இரண்டு ஆடு வாங்கி வளர்த்தாள்.