ஜெயராஜா சொன்ன வழி

வேன்காரர் ஜெயராஜா ஆயித்தியமலை மாதா திருநாளுக்கு முந்தின கிழமை நெஞ்சுவலியில் கண்ணை மூடினார். அவருடைய போன் மட்டும் மூடவில்லை. கரையோரம் பார்க்க வருகிற சனம் கைக்குக் கை கொடுத்து வைத்திருக்கும் இலக்கம் அது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே இறங்க வழி கேட்டு யாராவது கோல் எடுப்பார்கள். மனைவி ஜெனிற்றா பேசுவாள்.

"அவர் வேன் ஹயர் போயிற்றார். என்னட்டக் கேளுங்க."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. ஒன்றுமே தோன்றுவதில்லை. செபமாலை சொல்வதும் போனில் பேசுவதும் ஒரே குரலில்தான். அடக்கத்தன்றும் அவள் அழவில்லை. ஊர்ப் பெண்டுகள் குசுகுசுத்தார்கள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

மார்கழி லீவு. பெருமழை விட்டு வெயில் எறித்த காலையில் ஹட்டன் ஆள் ஒருவர் மட்டக்களப்பில் நின்று எடுத்தார். கூடவே இரண்டு பிள்ளைகளாம். ஜெனிற்றா புருஷனின் சொல் மாறாமல் ஒப்புவித்தாள்.

"கல்லடியில புதுப் பாலத்தில நிப்பாட்டாதீங்க. பழைய பாலத்தில இறங்கி நடங்க, காத்து நல்லம். களுவாஞ்சிக்குடியில தயிர்ச் சட்டி வாங்கினா மடியில வைங்க, சரிஞ்சா போச்சு. கடல்ல புள்ளயள இறக்கவே வேணாம். கல்லாத்துக்கு வாங்க. ஆத்துவாய மண் மூடிக் கிடக்கும். உள்பக்கம் முழங்கால் தண்ணி, ஆசை தீரக் குளிக்கட்டும்."

"ரொம்ப நன்றிங்க அக்கா. அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க."

"ஓம், சொல்றன்."

அவள் மத்தியானக் கறிக்கு மீன் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்து வளவு ஆட்டோக்காரர் இளையதம்பி வேலிக்கு மேலால் எட்டினார்.

"என்ன தங்கச்சி, விடிய மண் வெட்டுற பெக்கோ மிசின் போன சத்தத்தில செத்தவனும் எழும்பியிருப்பான், நீ வாசலுக்கும் வரல்ல? ஆத்துவாய வெட்டிற்றாங்க. வயல் வட்டையெல்லாம் வெள்ளம், வெள்ளாமை அழுகுதெண்டு சனம் கத்தின கத்துக்குத்தான். வாவித் தண்ணி கடலுக்கு இழுக்கிற இழுவையப் பாக்கணும்!"

அவள் கையில் மீன் கத்தி நின்றது. பெக்கோ போன சத்தம் அவள் காதிலும் விழுந்ததுதான். விழுந்தது, அவ்வளவுதான். வெட்டின ஆற்றுவாய்ப் பக்கம் கால் வைக்கக் கூடாதென்று கல்லாற்றுக் குழந்தைக்கும் தெரியும். ஜெயராஜா என்றால், மழைக்காலத்தில் வெட்டியாயிற்றா என்று விசாரிக்காமல் யாருக்கும் வழி சொல்லமாட்டார்.

ஹட்டன் ஆளுக்கு எடுத்தாள். அடித்து அடித்து நின்றது.

"அண்ணன், ஆட்டோவ எடுங்க."

"கையெல்லாம் செதிலோட எங்க, கலியாணத்துக்கா?"

"ரெண்டு புள்ளயள் தண்ணிக்க இறங்கப் போகுதுகள். நான்தான் இறங்கச் சொன்னன்."

இளையதம்பி பகிடியை விட்டுச் சாவியை எடுத்தார்.

வழியில் மாதாவைக் கூப்பிட வாய் திறந்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

ஆற்றுவாய் மணலில் ஒரு வெள்ளை வேன். தகப்பனின் கையைப் பிடித்தபடி சின்னவள் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். தமையன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏத்துங்க! புள்ளய மேல ஏத்துங்க!"

ஜெனிற்றாவின் சத்தத்தில் தகப்பன் திடுக்கிட்டு மகளைத் தூக்கினார். அவள் காலிலிருந்து கழன்ற செருப்பு மெல்ல மிதந்து, திடீரென்று ஓடி, வெட்டுவாய்க்குள் விழுந்து, கடல் நுரையில் காணாமற் போனது. அவர் அதையே பார்த்து நின்றார்.

"ஜெயராஜா அண்ணன் வீட்டுல, குளிக்கலாம்னு சொன்னாங்களே..."

"நான்தான் சொன்னன். அது மண் மூடிக் கிடக்கிற காலத்துக்கு. இண்டைக்கு விடிய வெட்டிற்றாங்க."

அவர் மகளை இறுக்கிக்கொண்டார். "அண்ணன் எப்ப வருவாரு? இனி அவர்கிட்டயே கேட்டுட்டுப் போறோம்."

ஜெனிற்றா செதில் காய்ந்த கையைப் பார்த்தாள்.

"அவர் இல்ல தம்பி. மோசம் போயிற்றார்."

போனில் தயிர்ச் சட்டியைச் சொன்ன அதே குரல்தான். இளையதம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பாதி மீனைப் பூனை இழுத்திருந்தது. மிச்சத்தைக் கழுவிச் சட்டியில் போட்டாள். போன் அடித்தது.

"ஜெயராஜா அண்ணனா?"

"அவர் இல்ல, மோசம் போயிற்றார். நான் அவர்ர மனுசி. கல்லாத்தில குளிக்காதீங்க, ஆத்துவாய் வெட்டிக் கிடக்கு. வேற என்ன கேக்கணும்?"