பட்டியலில் இருந்த இயந்திரம்

ஸ்மரண்டாவைப் போல ஒரு கண்டிப்புக்காரியை நான் பார்த்ததில்லை. தலைநகரில் புள்ளிவிவர அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ருமேனியாவின் மருத்துவமனைகளில் எத்தனை ஸ்கேன் கருவிகள், எத்தனை கதிர்வீச்சு இயந்திரங்கள் என்று எண்ணி, நாடுகளை ஒப்பிடும் பட்டியலுக்கு அனுப்புவது அவள் வேலை. வந்த படிவத்தை அப்படியே நம்ப மாட்டாள். ஜனவரி பிறந்தால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தானே போன் போட்டு, "இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குப் புதுக் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. அந்த ஒன்றால் பட்டியலில் பக்கத்து நாட்டை முந்தினோம். எங்கள் அலுவலக இயக்குநர் கேக் வெட்டினார். வெட்கமில்லாமல் நான் இரண்டு துண்டு தின்றேன்.

போன இலையுதிர் காலத்தில் ஸ்மரண்டாவின் தங்கை லவீனியாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தது. இரண்டு மாதத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். தலைநகரில் ஏழு வாரம் கழித்து ஓர் இடம் கிடைத்தது.

"ஏழு வாரமாடீ? எதுக்குக் காத்துக் கிடக்கணும்? மலைப்பக்கம் ஒண்ணு இருக்கு," என்று கொதித்தாள் ஸ்மரண்டா.

"கிடைச்ச இடத்தை விட்டுட்டா திரும்பக் கிடைக்குமாக்கா?"

"இந்த நாட்டுல இருக்கிற ஒவ்வொரு இயந்திரமும் என் விரல் நுனியில. நீ சும்மா இரு."

அப்போதும் அவள் அவசரப்படவில்லை. என் கண்ணெதிரில்தான் அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டாள். வருடா வருடம் அவளுக்குப் பதில் சொல்லும் அதே மனிதர்தான் எடுத்தார்.

"இயந்திரம் இருக்கில்ல?"

"இருக்குங்கம்மா."

"வரிசை நீளமா?"

"வரிசையா? ஒருத்தர்கூட இல்லம்மா."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "திங்கட்கிழமை நேர்லயே வர்றோம்," என்று சொல்லி வைத்தாள். அன்று மதியமே லவீனியாவின் இடத்தை ரத்து செய்தாகிவிட்டது.

திங்கட்கிழமை என் ஓட்டைக் காரில் மூவரும் கிளம்பினோம். ஐந்து மணி நேரப் பயணம். வழியில் ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் தின்றோம். "அக்கா, அங்க என்னைத் தவிர யாரும் இல்லன்னா, போரடிக்குமே," என்று லவீனியா சிரித்தாள்.

போனில் பேசியவர் வாசலுக்கே வந்துவிட்டார். பெயர் டிபேரியு. மருத்துவமனையின் கிடங்குக்குப் பொறுப்பு. டாக்டர் இல்லை, கிடங்குக்காரர்! அவர் யார் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் கேட்டதில்லை.

மெனக்கெட்டுச் சுத்தம் செய்து வைத்திருந்த கிடங்கைத் திறந்து காட்டினார். உடைந்த கட்டில்களுக்கும் அழுக்குத்துணி மூட்டைகளுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு நான்கு மரப்பெட்டிகள். ஓர் ஆணிகூடப் பிடுங்கப்படவில்லை.

"இதோ இருக்கும்மா. ஒரு பெட்டிகூடக் குறையல."

ஸ்மரண்டா ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"ஏன் பிரிக்கல?"

"கதிர்வீச்சு வெளிய வராம, ரெண்டு மீட்டர் கனத்துல சுவர் வச்சு அறை கட்டணுமேம்மா. அதுக்குப் பணம் கேட்டு வருஷா வருஷம் அமைச்சகத்துக்கு எழுதறோம். 'பட்டியல்லதான் உங்ககிட்ட இயந்திரம் இருக்குன்னு போட்டிருக்கே, இன்னும் என்ன வேணும்'னு திருப்பி அனுப்பிடறாங்க." சொல்லிவிட்டு லவீனியாவைப் பார்த்தார். "இவங்க உங்க மேலதிகாரியாம்மா?"

"நோயாளி," என்றாள் லவீனியா.

மனிதரின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, நீங்க எண்ணிப் பாக்கத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டிகளை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. அங்கேயே நின்று ஸ்மரண்டா தலைநகர் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அந்த இடத்தை அன்னிக்கே வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம். இனிமே பதினாலு வாரம் ஆகும்."

"ரெண்டு மாசத்துக்குள்ள தொடங்கணும்னு சொல்லியிருக்காங்களே!"

"அப்புறம் எதுக்கு விட்டாங்க?"

"நான்தான் விடச் சொன்னேன்."

"நீங்க யாரு, டாக்டரா?"

லவீனியா அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பதினாலு வாரத்துக்கே எழுதிக்கோங்க," என்று சொல்லி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.