முதலில் நோயில் விழுந்தவள்

லிஃப்ட் பழுதுபார்க்கிற அவரை வேலையிடத்தில் எல்லோரும் ‘இரும்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடத்தில் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. அந்தப் பெருமையை நாலு பேர் காதில் போடாமல் அவருக்குத் தூக்கமும் வராது.

கல்யாணமாகி ஆறாவது வருடம் மனைவி இளைக்க ஆரம்பித்தாள். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி வாங்கிப் போடுகிறவள், நிற்க முடியாமல் ஸ்டூல் கேட்டாள். ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். எச்.ஐ.வி., அதுவும் முற்றியிருந்தது. இவரையும் சோதித்தார்கள். இவருக்கும் இருந்தது, ஆனால் ரத்தத்தில் கிருமி மிகக் குறைவு.

இரும்பு உடனே முடிவு கட்டிவிட்டார். அவளுக்கு முற்றிவிட்டது, தனக்கு இப்போதுதான் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது? இதைச் சொல்ல டாக்டருக்கா படிக்க வேண்டும்?

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலைதான். அவள் குளிக்கப் போனால் கைபேசியைக் குடைவார். சலவைக் கடைக்கு வாரம் மூன்று தடவை வரும் வழுக்கைத்தலையர் எல்லாச் சட்டையையும் ஒரே தடவையாகக் கொண்டுவந்தால் ஆகாதா என்று யோசிப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். “உங்களைத் தவிர எனக்கு யாரையும் தெரியாதுங்க” என்று அவள் அழுததும் நடிப்பாகத்தான் பட்டது. கடைசியில் அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

“இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க தங்கச்சியையே கேளுங்க மச்சான்” என்றார் வாசலில் நின்றபடி. அண்ணன் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார்.

“மாத்திரை இன்னும் ஆரம்பிக்கலையா?”

“எனக்குப் புதுசாத்தானேம்மா வந்திருக்கு. என்ன அவசரம்?”

“புதுசுன்னு யார் சொன்னா? புதுசா வந்தா கிருமி எக்கச்சக்கமா இருக்கும். உங்களுக்கு அப்பவும் கம்மி, இப்பவும் கம்மி. பெத்தவங்ககிட்டேர்ந்து வர்ற மரபணு சிலருக்கு இப்படி அமைஞ்சிடும். கிருமி புகுந்த செல்லை உடம்பு சட்டுன்னு கண்டுபிடிச்சு அழிச்சிடும். உங்க வீட்டம்மாவுக்கு அந்த அமைப்பு இல்ல போல, சீக்கிரம் முத்திடுச்சு. யார் முதல்ல படுக்கையில விழுந்தாங்கன்னு வச்சு யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. உங்களுக்குப் பதினஞ்சு வருஷமாக்கூட இருந்திருக்கலாம். கம்மியா இருந்தாலும் பரவும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க.”

மனைவி ஏற்கெனவே வந்து இந்தம்மாவிடம் பேசிவைத்திருப்பாளோ என்று ஒரு நொடி டாக்டரையே சந்தேகப்பட்டார். பிறகு அந்தப் பதினைந்து வருடம் அவரைப் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போன காலம். லாட்ஜ் அறை. அங்கே வந்துபோன பெண்கள். தன்னைத் தவிர ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று என்று உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். மாத்திரையில் கொஞ்சம் தேறியிருந்த மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாதாம்.”

சொன்னது பொய்யில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தார்.

“அவங்களால முடியாது, சரி. உங்களால முடியுமில்ல?”

“எங்கிட்டேர்ந்துதான்” என்றார், தனக்கே கேட்காத குரலில். “கல்யாணத்துக்கு முன்னாடியே.”

அவள் அழவில்லை. உள்ளறைக் கதவைக் காட்டினாள்.

“அண்ணன் உள்ளதான் இருக்கான். ஆறு மாசமா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல. இப்ப சொன்னதை அவனுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.”