ஏழாவது போர்ட்டில் உடைந்தவை

கோட்டைப்பட்டினத்தில் மீன் வாங்கும் ஒரு கம்பெனியில் எடை போடும் எழுத்தர் அடிபட்டதற்கு நானும் ஒரு காரணம்.

அறந்தாங்கியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவள் நான். அந்தக் கம்பெனிக்குக் கேபிள் இழுத்து, எல்லாக் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மாட்டியதும் நான்தான். கூடையைத் தராசில் வைத்தால் உள்ளே கம்ப்யூட்டரில் எடை ஏறும். அதே எண் வெளியே படகுக்காரர்கள் பார்க்கும் போர்டில் சிவப்பாகத் தெரியும்.

ஒரு நாள் எழுத்தர் போன் செய்தார்.

“அக்கா, வெளி போர்டு அப்பப்ப நின்னுபோகுது. அடுத்த கூடைய வச்சாலும் பழைய எடையத்தான் காட்டுது. ஒரு தடவ வந்து பாருங்க.”

“சுவிட்சுல வெளி போர்டு கேபிள் சொருகியிருக்கிற ஏழாவது போர்ட்டுல பச்சை லைட்டு எரியுதா?”

“எரியுதுக்கா.”

“அப்ப நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. போர்டு வித்தவங்களக் கேளுங்க.”

லைட் எரிந்தால் கேபிள் இணைந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதன் வழியே வரும் தகவல் முழுசாக வருகிறதா, உடைந்து வருகிறதா என்பதை சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக எண்ணி வைத்திருக்கும். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்த்திருக்கலாம். சோம்பல். பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு படகுக்காரர் நிறைய நண்டு கொண்டுவந்தார். போர்டு முந்தின ஆளின் சின்னக் கூடை எடையிலேயே நின்றது. படகுக்காரர்கள் பார்க்க முடியாத உள் கம்ப்யூட்டரில் சரியாக ஏறியிருப்பதாக எழுத்தர் சொல்லியிருக்கிறார். “வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணா? எத்தன நாளா ஏமாத்துறீங்க?” என்று கேட்ட படகுக்காரர், கூடை இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்து எழுத்தரின் முகத்தில் அடித்தார். விழுந்தவரை அவர்கூட வந்த இரண்டு பேர் மிதித்தார்கள்.

பக்கத்து ஊரில் வேலையாக இருந்த எனக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எழுத்தரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தரையில் ஐஸ் தண்ணீரோடு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. போலீஸ் இன்னும் வரவில்லை. அந்தப் படகுக்காரர் சட்டையெல்லாம் ரத்தமாக வாசலிலேயே நின்றார்.

“இந்த மிஷின மாட்டுனது நீதான?” என்று என் தோளைப் பிடித்துச் சுவரில் மோதினார். பின்மண்டை வலியில் கண் இருட்டியது.

“ஒரு நிமிஷம் விடுங்க, பாத்துச் சொல்றேன்” என்றேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். மற்ற போர்ட்டுகளில் எல்லாம் பிழை பூஜ்யம். ஏழாவதில் மட்டும் உடைந்து வந்த தகவல் பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எண்ணிக்கையை அழித்துவிட்டுக் காத்திருந்தேன். பூஜ்யமாகவே இருந்தது. பின்பக்கம் யாரோ ஐஸ் உடைக்கும் மிஷினைப் போட்டார்கள். போட்டதும் எண் தாவி ஏறியது. நிறுத்தச் சொன்னேன், அதுவும் நின்றது. மறுபடி போடச் சொன்னேன், மறுபடி ஏறியது.

அந்த மிஷினின் கரண்டு வயரோடு சேர்த்துத்தான் வெளி போர்டின் கேபிளை நான் கட்டியிருந்தேன். தனியாகக் குழாய் போட அலுப்புப்பட்டுச் செய்தது.

“மோட்டார் ஓடுறப்ப எடை வர்ற வழியிலேயே கெட்டுப்போகுது. அதான் போர்டு நிக்கிது. உள்ள ஏறுன எடை சரி” என்றேன்.

“அப்ப அவன் ஏமாத்தலையா?”

“இல்ல. தப்பு நான் செஞ்சது. முந்தாநேத்தே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு, நான் வந்து பாக்கல.”

அவர் என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துப்போனது. கூட வந்தவர்களே அவரை இழுத்துப் பிடித்தார்கள். பிடித்த கைகளுக்குள்ளேயே அவர் உட்கார்ந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். போலீஸ் வந்து கூட்டிப்போனது. என்னை அறைந்ததை நான் போலீஸிடம் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் கேபிளைப் பிரித்து வேறு சுவர் வழியாக இரும்புக் குழாயில் கொண்டுபோனேன்.

மறுநாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். எழுத்தரால் பேச முடியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போனை எடுத்து டைப் செய்து என்னிடம் நீட்டினார்.

‘அன்னைக்கே சொன்னேன்லக்கா.’

படகுக்காரர் ஜாமீனில் வந்து மறுபடி கடலுக்குப் போகிறார். வழக்கு நடக்கிறது. எழுத்தருக்குத் தாடை கோணலாகத்தான் கூடியது. வேலையை விட்டுவிட்டு, கீரனூரில் தன் மச்சான் கடையில் இருக்கிறார். நோன்புப் பெருநாளைக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.