கேரவன் டயரில் இறக்கிய காற்று

1. கவுன்ட்டர் மேல் ஒரு துண்டு ரப்பர்

அபு ஹமத் என் கவுன்ட்டர் மேல் வைத்த ரப்பர் துண்டு இரண்டு அடி மூன்று அங்குல நீளம் இருந்தது. கோபத்தில் வீசியிருந்தால் எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது. மெதுவாக, கண்ணாடி கீறிவிடக் கூடாதே என்பதுபோல் வைத்தார்.

"சதீக், நீ கொடுத்த டயர்" என்றார். சதீக் என்றால் நண்பர்.

அமீரகத்தின் அல் ஐன் சனாயியாவில், கேரேஜ்களும் உதிரிபாகக் கடைகளும் நெருக்கியிருக்கும் அந்தத் தொழிற்பேட்டையில், ஒரு டயர் கடையில் பத்தொன்பது வருடம் கவுன்ட்டர் சேல்ஸ்மேனாக இருந்தேன். தோராயமாக நாற்பதாயிரம் டயர்கள் என் கையால் பில் ஆகியிருக்கும். அவற்றில் நான்கு டயர்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. 2000களின் நடுவில் நடந்தது. இன்று டயர் கவுன்ட்டரில் நிற்கும் தம்பிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

2. விலை குறைந்த நான்கு டயர்

அதற்குப் பதினொரு நாள் முன்பு அபு ஹமத் ஒரு கேரவனை எங்கள் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாடு திரும்பிய ஓர் அமெரிக்க இன்ஜினியரிடம் வாங்கியிருந்தார். பிக்கப்பின் பின்தட்டிலேயே மூக்கை ஏற்றி மாட்டி இழுத்துப்போகும் பெரிய வீட்டுவண்டி. அமெரிக்கர்கள் 'ஃபிஃப்த் வீல்' என்பார்கள். ஐந்தாவது சக்கரம் எங்கே என்று சுற்றிவந்து எண்ணினேன். இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரம், பின்னால் ஒரு ஸ்டெப்னி. மாட்டும் கொக்கிக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு தெரிந்தது.

அவர் அரபியும் இந்தியும் கலந்து பேசுவார். "நாலு டயரும் கலாஸ், முடிஞ்சது. வெடிப்பு விட்டுக் கெடக்கு பாரு. அடுத்த வாரம் அம்மாவ ஸலாலா கூட்டிப் போறேன். வயசு எழுபத்தெட்டு. மழைத் தூறல்ல ஒரு தடவ உக்காரணும்ங்குது. விலை கம்மியா வேணும், ஆனா ஜைனா இருக்கணும்."

ஸலாலா ஓமானின் தென்கரையில், கோடையில் தூறல் விழும் ஊர். ஜைன் என்றால் நல்லது. விலை கம்மி, ஆனால் நல்லது. கவுன்ட்டருக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதுதான்.

வண்டியில் இருந்தது டிரெய்லருக்கென்றே செய்யும் அமெரிக்க டயர். துபாயில் ஆர்டர் போட்டால் ஆறு வாரம். விலையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அது முடியாது. பதினாறு இஞ்ச் கார் டயர் மலிவு, ஆனால் நாலு ப்ளை, அதாவது நாலு அடுக்கு பலம்தான். நிற்கும்போதே தொப்பை தள்ளும். பழைய பிக்கப்புகளுக்குப் போடும் ட்யூப் டயர் இன்னும் மலிவு, ஆனால் இந்த ரிம் ட்யூப்லெஸ். கடைசியாக லேண்ட் குரூசர் பிக்கப்புக்குப் போடும் பத்து ப்ளை எல்டி டயர், அதாவது லைட் டிரக் டயர். அளவு பொருந்தியது.

பிறகு எடை. கேரவன் தகட்டில் தண்ணீர்த் தொட்டி, சாமான் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு. கிலோவில் 5670. ஐந்தில் ஒரு பங்கைப் பிக்கப் தாங்கும். மீதியை நாலால் வகுத்தால் டயருக்கு 1134. எல்டி டயர் தாங்குவது 1380. ஆக 246 கிலோ கையிருப்பு. மேல் ரேக்கில் அதே டயர் பழைய ஸ்டாக் இன்னும் குறைந்த விலைக்கு இருந்தது. பக்கச்சுவரில் உள்ள நாலு எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு எண் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். நாலு வருடம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஐந்து மாதம்கூட ஆகாத நாலைக் கீழே இறக்கச் சொன்னேன். பழைய ஐந்தில் தேறியதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதுவரை நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. இப்போதும் யாராவது கேட்டால் இதே டயரைத்தான் சொல்வேன். அதனால்தான் மேலும் வெட்கமாக இருக்கிறது.

3. கோடைக் காற்று

ஃபிட்டர் ஆரோக்கியம். மணப்பாடு பக்கத்துக் கடற்கரை ஆள், வயது முப்பத்தெட்டு. கடையில் பதினொரு வருடம். அவருடைய விசா புதுப்பிக்கும் காகிதம் அந்த வாரம் மேனேஜர் வர்கீஸ் மேஜையில் இருந்தது. முதலாளி அர்பாபுக்கு அனுப்புவதற்கு முன் வர்கீஸ் சிபாரிசாக ஒரு வரி எழுத வேண்டும். ஆரோக்கியத்தின் மூத்த மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வருசம் அண்ணாச்சி. பிள்ள படிச்சு முடிச்சிட்டா பொறவு இந்த வெயில்ல எவன் கெடப்பான்" என்று தினம் ஒரு தடவை சொல்வார்.

நாலு டயரையும் மாட்டி, காற்றடித்து, ஜாப் கார்டில் 'காற்று: 80' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கார்டை வர்கீஸின் தட்டில் வைத்துவிட்டார். நான் காற்று அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விட மாட்டேன். நாலிலும் எண்பது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை எல்லா வண்டிக்கும் காற்றைக் குறைத்து வைப்போம். 'கோடைக் காற்று' என்று பெயர். காருக்கு முப்பத்திரண்டு என்றால் இருபத்தெட்டு. இந்த எல்டி டயர் போட்ட பிக்கப்புகளுக்கு, பல வருடமாக, கோடையில் ஐம்பத்தைந்து. சுவரில் என் கையெழுத்திலேயே அட்டவணை தொங்கியது.

"ஆரோக்கியம், என்ன எண்பது வெச்சிருக்க?"

"டயர்லயே போட்டுருக்கான்லா அண்ணாச்சி. எண்பதுன்னு."

"அது அமெரிக்காக்காரனுக்கு. இங்க வெளிய நாற்பத்தேழு டிகிரி. காத்து சூடானா விரியும். எண்பது வெச்சா பாதி வழியில நூறத் தாண்டும். நான் பி.எஸ்ஸி. மேத்ஸ், ஆன்சிலரி ஃபிசிக்ஸ். எனக்குத் தெரியாதா?"

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டயரு செஞ்சவனும் படிச்சிருப்பான்லா?"

பக்கத்து சர்வீஸ் மேடையில் நின்ற பெஷாவர்க்கார ஃபிட்டர் வாஹித் பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் குனிய வைத்தது. வால்வு சாவியை வாங்கி நானே உட்கார்ந்து இறக்கினேன். நாலு டயர், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். ஐம்பத்தைந்தில் நிறுத்தினேன்.

"கார்டுல எண்பதுன்னு எழுதிட்டேனே அண்ணாச்சி" என்றார்.

"அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன். அபு ஹமத் ஹாரன் அடித்து, "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார். அந்த அப்புறம் வரவே இல்லை.

4. ஞாபகம் இல்லை

ஓமானுக்குள் ஹைமாவைத் தாண்டி, மரமோ கடையோ இல்லாத இடத்தில், மதியம் இரண்டு மணிக்கு இடது பின்டயர் பிய்ந்தது. பிய்ந்த ரப்பர் கேரவனின் அடித்தளத்தைக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. ஸ்டெப்னியைப் போட்டார்கள். அந்தப் பக்கமே இன்னொரு டயர் கொதித்துக்கொண்டிருந்ததால் நகரப் பயந்து நின்றார்கள். மூன்றரை மணி நேரம். உடைந்த தொட்டியிலிருந்த தண்ணீர் எல்லாம் மணலில் போயிற்று. அவருடைய அம்மா மயங்கிவிட்டார். வழியில் வந்த ஒரு லாரிக்காரர்தான் தண்ணீர் கொடுத்து, அந்த அம்மாவை ஹைமா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். ஸலாலா போகாமலே அங்கிருந்து திரும்பினார்கள்.

வர்கீஸ் கேரவனை ஒரு ராத்திரி ஷெட்டில் நிறுத்திவைத்து, காலையில் டயர் ஆறியிருக்கும்போது மீதி மூன்றுக்கும் காற்றுப் பார்க்கச் சொன்னார். 54, 55, 55. பிறகு ஜாப் கார்டை எடுத்தார். 80.

எல்லோரையும் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டார். அபு ஹமத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வர்கீஸ் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்.

"ஆரோக்கியம், இது எந்தா? எண்பது எழுதியிருக்கு. உள்ள அம்பத்தஞ்சு. காத்தடிக்காம அடிச்சேன்னு எழுதினியா?"

"நான் எண்பது வச்சேன் சார். அண்ணாச்சிதான் எறக்குனாவ. கோடக் காத்துன்னு."

வர்கீஸ் என் பக்கம் திரும்பினார். "பி.எஸ்ஸி. சாரே, நிங்களா எறக்கியது?"

கடையிலிருந்த டயர்கள் எண்ணூற்றுப் பதினாறு. அந்த மாதம் என்னிடம் வந்த வண்டிகள் இருநூற்று முப்பது. ரேக்குக்கு ரேக் வார எண் சொல்வேன். வர்கீஸின் பிள்ளைகளுடைய பிறந்தநாள்கூட எனக்குத்தான் ஞாபகம் இருக்கும். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

வாஹித் பாய் கீழே பார்த்தார். எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் வேலை போனால் இன்னொரு கடை கிடைக்காது என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. ஆரோக்கியத்தின் மகள் அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஆரோக்கியம் என்னை நேராகப் பார்த்தார். ஆறு விநாடியாவது பார்த்திருப்பார். பிறகு, "சரி" என்றார்.

கடை புது டயர் கொடுத்தது, கேரவனின் அடித்தளத்தையும் சரிசெய்து கொடுத்தது. வர்கீஸ் அந்த ஒரு வரியை எழுதவில்லை. விசா புதுப்பிக்கப்படவில்லை.

5. கேஜ்

அந்த விசாரணை நடந்த இருபத்தாறாவது நாள் ஆரோக்கியத்துக்கு ஃப்ளைட். கிளம்பும் முன் கம்பெனிப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்க என் கவுன்ட்டருக்குத்தான் வர வேண்டும். வால்வு சாவி ஒன்று, லிவர் இரண்டு, கேஜ் ஒன்று. நான் ரெஜிஸ்டரில் டிக் போட்டேன்.

"கேஜ் கரெக்டா காட்டுது அண்ணாச்சி. காலையில செக் பண்ணிட்டேன்" என்றார்.

வேன் வந்துவிட்டது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் டயர் கம்பெனி கொடுத்த லோடு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். என் கவுன்ட்டர் டிராயரில் ஏழு வருடமாக இருந்த புத்தகம். அந்த எல்டி டயர் எண்பது காற்றில் 1380 கிலோ தாங்கும். ஐம்பத்தைந்து காற்றில் 1060. எனக்குத் தேவையாக இருந்தது 1134. எழுபத்து நான்கு கிலோ குறைவு. ஒவ்வொரு டயரிலும்.

சும்மா ஓடும் பிக்கப்புக்கு ஐம்பத்தைந்து போதும், ஏனென்றால் அதன் மேல் பாரம் இல்லை. கேரவன் நாள் முழுக்கப் பாரத்தோடு ஓடும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடங்கலில்தான் டயர் கொதிக்கிறது. ஓடும்போது காற்று விரிந்து ஏறுவதை டயர் செய்தவன் முன்பே கணக்கில் எடுத்துத்தான் எண்பது என்று அச்சிட்டிருக்கிறான். வெயிலுக்குப் பயந்து காற்றை இறக்கி, நான் டயரைச் சூடாக்கினேன். ஆரோக்கியம் சொன்னது சரி. செய்தவனும் படித்தவன்தான்.

அவர் போன ஒன்பதாம் நாள் வர்கீஸின் அறைக்குப் போய், "சார், ஞாபகம் வந்துருச்சு. நான்தான் எறக்கினேன்" என்றேன். ஞாபகம் வந்துவிட்டது என்று அங்கேயும் பொய்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். இப்போ பறஞ்சிட்டு எந்தா காரியம்? ஆளு போயாச்சு. கார்டு ஃபைல் ஆயாச்சு. போய் ஜோலி பாருங்க சாரே."

சுவரில் இருந்த அட்டவணையை அன்று கழற்றினேன். அதைச் செய்ய யாரும் என்னிடம் சொல்லவில்லை, யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

6. ஒரு போன்

நாலு வருடம் கழித்து லீவில் வந்தபோது ஆரோக்கியத்தின் நம்பர் கிடைத்தது. திருச்செந்தூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். மகள் படிப்பை ஒரு வருடம் நிறுத்திப் பிறகு முடித்தாளாம். என் பெயரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் கம்ப்ரெசரை நிறுத்தினார். பிறகு அவரே பேசினார்.

"அண்ணாச்சி, அந்த அரபியோட அம்மா என்ன ஆனாவ? நல்லா இருக்காவளா?"

எனக்குத் தெரியவில்லை. அபு ஹமத் அதற்குப் பிறகு மூன்று தடவை கடைக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் பில் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

"தெரியல ஆரோக்கியம்" என்றேன். அந்தத் தடவை அது உண்மை.

"இப்ப கேரவனுக்கு எவ்வளவு வைக்கீய?"

"எண்பது."

"ம்" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கேரவனுக்கு மலிவான டயர் தேடினால் விலையைக் கடைசியில் பாருங்கள். எடையை முதலில் வகுத்து, பிறகு ப்ளை, பிறகு வார எண். டயர் ஆறியிருக்கும்போது பக்கச்சுவரில் உள்ள காற்றை முழுசாக வையுங்கள், கோடையிலும். கடை வழக்கம் என்று யாராவது சொன்னால் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சொல்பவர் பி.எஸ்ஸி.யாக இருந்தாலும். கார்டை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் வண்டி நகரும் முன் மாற்றுங்கள்.

அந்தக் கார்டை நான் இன்னும் மாற்றவில்லை. எண் 4417. இங்கே மாற்றுகிறேன். காற்று: 80, வைத்தவர் ஆரோக்கியம். பிறகு 55, இறக்கியவர் நான். ஞாபகம் இருக்கிறது.