தரைக்கு அடியில் கேட்கிற காது

குடிநீர்க் குழாய் பழுது பார்க்கும் ஆட்கள் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் மண்ணுக்குள் போனால், ஆளுயர இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி, மேல் முனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உடனே எதையும் நம்பிவிட மாட்டார். முதலில் கேட்பது நம்முடைய ரத்த ஓட்டம். அது ஒதுங்கிய பிறகு கேட்பதுதான் தண்ணீர். அவர் சுண்ணாம்பால் வட்டம் போட்ட இடத்தில் தோண்டினால் ஈரம் இருக்கும்.

வீட்டில் மட்டும் அந்தப் பெருமை எடுபடாது.

"பாக்காத தண்ணிக்காக ரோட்டையே தோண்ட வைப்பீங்க. சாமின்னா மட்டும் நேர்ல வந்து நிக்கணுமா?" என்பார் மனைவி.

"தண்ணி சத்தம் குடுக்குதே. உன் சாமியை ஒரு தடவை செருமச் சொல்லு பாப்போம்."

"நீங்க என்னிக்கு அந்தப் பக்கம் காது குடுத்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு ஒன்பதாம் மாதம். ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "அப்பா, காலையிலேர்ந்து குழந்தை அசையவே இல்லைப்பா" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லியாயிற்று. வர இருபது நிமிடம் ஆகுமாம். மனைவி உள்ளறையில் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்தது ஒரே வேலை.

"அம்மாடி, மூச்சை மெதுவா விடு" என்று முட்டி போட்டு, மகளின் வயிற்றில் காதை வைத்தார்.

திம், திம் என்று கேட்டது. 'இருக்கு' என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். வேலைக்குப் புதிதாக வந்தவன் செய்கிற தப்பல்லவா அது? அடித்துக்கொண்டது அவருடைய நெஞ்சுதான். காத்திருந்தார். ஜன்னல் திரை உப்பி அடங்கியது. வெயிலும் தெருவும் எங்கோ தள்ளிப் போய், ஆழமான தண்ணீருக்குள் இறங்குவது போல இருந்தது. அவருடைய ரத்தம், மகளுடைய ரத்தம், ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. எல்லாவற்றுக்கும் அப்பால், சின்னக் கால்கள் ஓடிவருவது போல, அவருடைய நாடியைவிட இரண்டு பங்கு வேகத்தில் ஒரு துடிப்பு.

யாருக்கு என்று தெரியாமலே உதடுகள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தன. மனைவி வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"என்னங்க, அழறீங்களா? என்ன ஆச்சு?"

"நல்லா இருக்கு. பேசாதே, இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்."

"தாடி குத்துதுப்பா" என்று மகள் அழுகையினூடே சிரித்தாள்.

வண்டி வந்தது. மகளை நடுவில் வைத்து இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

"பள்ளம் மேடு பாத்து மெதுவா போங்க தம்பி. நாங்க நாலு பேர் இருக்கோம்" என்றார் காதுக்காரர்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். மூன்று பேர்தான் தெரிந்தார்கள். "சரிங்கய்யா" என்று மெதுவாகவே எடுத்தார்.