தெரியாததற்கும் ஆமாம்

காவாந்தண்டலத்தில் எங்கள் கிணற்று மோட்டாருக்கு என் மகள் செல்வி ஒரு சின்னப் பெட்டி செய்து மாட்டினாள். கல்லூரியில் சி மொழி படிக்கிறவள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிரம்பினால் நிற்கும்.

"இத்த நம்பி மோட்டார்ல கை வைக்காத. மொதல்ல மெயினை ஆஃப் பண்ணு. ஏன்னு புரிஞ்சுதா நைனா?" என்றாள். தலையாட்டினேன்.

ஒரு நாள் தொட்டி நிரம்பி மோட்டார் நின்றது. இனி ஓடாது என்று நினைத்து, கழன்ற பெல்ட்டை மாட்டக் குனிந்தேன். பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம். தோளில் கிடந்த துண்டைச் சக்கரம் இழுத்துச் சுருட்டியது. அதற்கு ஒரு சாண் தள்ளி என் விரல்கள் இருந்தன.

செல்விதான் ஓடிவந்து மெயினை நிறுத்தினாள். தண்ணீர் அளவைப் பெட்டிக்குச் சொல்லும் ஒயரை எலி கடித்து, அது அப்போதுதான் அறுந்திருந்தது.

"ஒயர் அறுந்துகீது நைனா. அறுந்தா மைனஸ் ஒன்னு வரும். அத்த ஆமா, இல்லன்னு ரெண்டே பதில் தெரிஞ்ச பூலியன்ல போட்டுட்டேன். தண்ணி கொறஞ்சுதான்னு கேட்டா அதுக்கு சைபர் மட்டும்தான் 'இல்ல'. வேற இன்னா வந்தாலும் 'ஆமா'தான், மோட்டார் ஓடும்."

"தெரியலன்னு சொல்ல அதுக்கு வழியே இல்லியா?"

"நான்தான் வைக்கல," என்று அழுதாள்.

மறுநாளே சரிசெய்துவிட்டாள். இப்போது ஒயர் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்.

பெட்டியை மாட்டிய அன்று அவள் "புரிஞ்சுதா" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. மகளிடம் கேட்கவும் கூச்சம். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் யாராவது "புரிஞ்சுதா?" என்றால் என் தலை தானாக ஆடத் தொடங்குகிறது. உடனே எனக்குள் அந்த 'டக்' கேட்கிறது.